பின்கால் செங்கல்

துறைமுகத்தில் எனக்கு இரவு வேலை.
குளிர்ப்பெட்டிக் கண்டெய்னர்கள் அறுபத்திநாலு,
பிளக்கில் மாட்டியபடி முனகிக்கொண்டிருக்கும்.
நாலு மணிக்கொரு தரம் டார்ச் அடித்து
எண்ணைப் பார்த்து எழுத வேண்டும்.
இறால், மைனஸ் பதினெட்டு.
எருமைக்கறி, மைனஸ் இருபது.
திராட்சை, பூஜ்யம்.
ஒரு டிகிரி பிசகியதில்லை என் கணக்கில்.

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் விடிந்துவிட்டது.
வீட்டுக்கு வந்து தண்ணிக்குக் கதவைத் திறந்தால்
ஃப்ரீஸரைக் காணோம்.
அந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு தாடை,
நெத்திலிப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு.

"ஊருக்கே குளிர் பார்க்கிற ஆளு" என்றாள் ஜெசிந்தா.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மேல்மாடி குணவதியக்காவின் இன்சுலின்
எங்கள் ஃபிரிட்ஜில்தான் இருக்கும்.
போன வாரம் சீசாவுக்குள் பூப்பூவாய் உறைந்துபோனது.
வெயிலில் வைத்தால் சரியாகிவிடாதா என்று
கேட்டவன் நான்.
அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு
மைனஸ் எத்தனை என்று எழுத முடியாது.

முதலில் குடித்தனக்காரர்கள்மேல் பழி போட்டேன்.
ஏழு வீட்டு மாவு, ரெண்டு வீட்டுப் பூ,
யாரோ கொண்டுவந்து வைத்த ஆவி பறக்கும் ரசம்.
ஜெசிந்தா காலண்டரில் கோடு போட்டு எண்ணினாள்:
ஒரு நாளைக்கு நாற்பத்தொரு தடவை.
கதவைத் திறந்தால் காற்று சும்மா வராது,
காசிமேட்டுக் கடலைக் கொஞ்சம்
இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வரும்.
வந்த கடல் திரும்பிப் போகத் தெரியாமல்
சுவரில் ஒட்டி வெளுக்கிறது.

பிறகு குமிழைப் பார்த்தேன்.
ஏழில் நின்றது.
மே மாதம் ஏழுக்குத் திருப்பியது யார்
என்று யாரும் கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன்.
பழைய லுங்கியை அடியில் விரித்து
கொதிநீர்ச் சட்டியை உள்ளே வைத்துச் சாத்தினேன்.
கத்தி இருக்குமிடத்தில் இல்லை.
ஜெசிந்தா ஒளித்து வைத்திருக்கிறாள்.
முந்தைய ஃபிரிட்ஜை நான் குத்திய அன்று
உஸ்ஸென்று ஒரே ஒரு மூச்சு விட்டு அது செத்தது.
தவணை இன்னும் நாலு பாக்கி இருந்தது அப்போது.

சட்டி மூன்று முறை ஆறியது.
தொப்பென்று விழுந்த பாளத்துக்குள்
ஒரு பட்டாணி, முழுப் பச்சையாய்.
நாங்கள் பட்டாணி வாங்கிப் பல மாதம்.

பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி
இழுத்துப் பார்த்தேன்.
கீழே பிடித்தது. நடுவில் பிடித்தது.
மேல் மூலையில்
கேட்காமலே கையோடு வந்துவிட்டது.
ரப்பரில் கிழிசல் இல்லை, அழுக்கும் இல்லை.
அப்புறம் என்ன?

பையனின் கோலி ஒன்றை மேலே வைத்தாள் ஜெசிந்தா.
அது யோசிக்கவேயில்லை.
நேராகக் கதவுப்பக்கம் உருண்டு
என் கால்விரலில் விழுந்தது.

போன டிசம்பரில் தண்ணி ஏறிய ராத்திரி,
கரண்டு இல்லை, கருப்பாய் எண்ணெய் வாடை,
நானும் குணவதியக்கா மகன் பாரியும்
இருட்டில் தடவித் தடவித் தூக்கி வைத்தது.
முன்காலுக்கு ஒரு செங்கல்.
பின்காலுக்கு ரெண்டு.
தண்ணி வடிந்தது, சுவருக்கு வெள்ளை அடித்தோம்,
நிவாரணப் பணம் வந்து செலவும் ஆனது.
அது மட்டும் அன்றிலிருந்து
குனிந்தபடியே நின்றிருக்கிறது,
வாயைச் சரியாக மூட முடியாமல்.

பாரியைக் கூப்பிட்டேன்.
செங்கல்லை எல்லாம் உருவினோம்.
முன்காலுக்கடியில் மட்டும் மடித்த அட்டை.
குமிழ் மூன்றில்.
கதவைப் பாதி திறந்து விட்டால்
தானே போய்ச் சாத்திக்கொள்கிறது இப்போது.
நோட்டு கிழிகிற மாதிரி பிடிக்கிறது.

அக்கா புது சீசாவைக் கொண்டுவந்தாள்,
நடுத்தட்டில் வைத்தாள்,
கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

எண்ணெய்க் கறை படிந்த செங்கல்களைக்
குப்பைக்குத் தூக்கினேன்.
"அங்க ஏன் கொண்டுபோற?" என்றாள் ஜெசிந்தா.
"டிசம்பர் வராதா?"
வாங்கிக்கொண்டு போய்
மாடிப்படிக்கு அடியில் அடுக்கினாள்.
ஆறுதான் இருந்தது.
பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து
இன்னும் ரெண்டு எடுத்து வந்தாள்,
காலுக்கு ரெண்டாய்க்
கணக்குச் சரி வர.